வேலையை விட்டுவிட்டு பிலாட்டீஸ் டீச்சர் ஆகலாமா? மேட் கோர்ஸ் மட்டும் போதுமா?

அரைமண்டி (12 ஜூன், இரவு 10.40)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

வயது 36. வேளச்சேரி. சின்ன வயதில் 14 வருடம் பரதம் ஆடினேன். அப்புறம் 12 வருடமாக நாற்காலிதான். மூன்று வருடம் முன்பு டிஸ்க் பிதுங்கி, இருமினால் கால் வரைக்கும் கரண்ட் அடிக்கும் நிலைமை. பிசியோதெரபி முடிந்த பிறகு அந்த பிசியோதெரபிஸ்டே, வயிற்றையும் முதுகையும் பலப்படுத்தும் பிலாட்டீஸ் பயிற்சிக்கு அனுப்பினார். இரண்டு வருடமாக விடாமல் போகிறேன். போன மாதம் என் டீச்சர், "நீங்க பக்கத்து மேட்காரங்களையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. சொல்லிக்கொடுக்கப் படிக்கலாமே" என்றார். திட்டினாரா பாராட்டினாரா தெரியவில்லை, ஆனால் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

விசாரித்ததில் ஒரு இடத்தில் இரண்டு நாள் மேட் கோர்ஸ் (மெஷின் இல்லாமல் தரையில் மேட் விரித்துச் செய்வது), சனி ஞாயிறு, முடித்ததும் சர்டிபிகேட். இன்னொரு இடத்தில் 500 மணி நேரம், குறைந்தது ஒரு வருடம் ஆகும். "ஐந்நூறு மணி நேரமா? சி.ஏ.வா படிக்கப் போறே?" என்கிறார் வீட்டுக்காரர். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. இதை நம்பி வேலையை விடலாமா? செய்துகொண்டிருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன் (12 ஜூன், இரவு 11.15)

யோகா நம்ம ஊர்லயே இருக்கும்போது ஜெர்மன்காரர் கண்டுபிடிச்ச கட்டிலில் படுத்துக் காலை ஆட்டுவதற்கு மணிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குறாங்களே, அந்த ரகசியத்தை முதலில் சொல்லுங்கப்பா.

ஸ்பிரிங்_அக்கா (13 ஜூன், மதியம் 1.05)

வாங்க அரைமண்டி. சென்னையில் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், மூன்று ஸ்டுடியோவில் ஃப்ரீலான்ஸ். பகல் ஒரு மணிக்கு எப்படி எழுதுகிறேன் என்று கேட்டால், இந்தத் தொழிலில் பகல் முழுக்க வெட்டிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு நாள் கோர்ஸை மறந்துவிடுங்கள். இரண்டு நாளும் ஐந்நூறு மணி நேரமும் ஒரே பெயரில் சர்டிபிகேட் கொடுக்க முடிவதற்குக் காரணம் ஒரு வழக்கு. இந்தப் பெயர் எனக்கு மட்டுமே சொந்தமான வணிகக் குறியீடு என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது. 2000 அக்டோபரில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம், யோகா, கராத்தே மாதிரி இதுவும் ஒரு பயிற்சி முறையின் பெயர்தான், தனியாருக்குச் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, இல்லையென்றால் நாமெல்லாம் அனுமதிக்குக் காசு கட்டிக்கொண்டிருப்போம். ஆனால் அன்று முதல் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், யார் வேண்டுமானாலும் சர்டிபிகேட் அச்சடிக்கலாம். அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். அதை எழுத வேண்டுமென்றாலே 450 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு 500 என்று சொன்னவர்கள் ஊரோடு ஒத்துத்தான் சொல்கிறார்கள்.

அந்த 500இல் வகுப்பில் உட்காருவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் உங்கள் உடம்பில் செய்து பார்ப்பது, காசு வாங்காமல் அத்தை, சித்தி, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது, மற்ற டீச்சர்கள் எடுக்கும் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் வெட்டிவேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு முதல் இருபது மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. ரிஃபார்மரில், அதாவது ஸ்பிரிங்கில் ஓடும் வண்டி வைத்த கட்டில் மாதிரி மெஷினில் படுத்து, பாரில் பாதத்தை வைத்து வண்டியைத் தள்ளும் முதல் பயிற்சி இருக்கிறதே, அதை ஒரு அம்மா செய்துகொண்டிருந்தார். நான் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் டீச்சர் பின்னால் வந்து, "வலது கால் பெருவிரலைப் பாரு" என்றார். ஒவ்வொரு தள்ளலுக்கும் அந்த விரல் மட்டும் பாரை விட்டு ஒரு நூல் அளவு மேலே எழும்பியது. எப்போதோ அந்தக் கணுக்கால் சுளுக்கியிருக்கிறது, அவரே மறந்துவிட்டார். அந்த நூல் அளவைப் பார்க்கத்தான் ஐந்நூறு மணி நேரம்.

ஒரு எச்சரிக்கை. "அப்சர்வேஷன் ஹவர்ஸ்" என்ற பெயரில் ரிசப்ஷனில் உட்கார வைப்பார்கள். பெயர் வேண்டாம், நான் படிக்கும்போது ஒரு ஸ்டுடியோவில் நாற்பது மணி நேரம் மேட் துடைத்தேன், போன் எடுத்தேன், அதையும் கையெழுத்துப் போட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அப்போது அது லாபம் என்று தோன்றியது. முதல் வகுப்பு எடுத்த அன்றுதான் நஷ்டம் யாருக்கு என்று தெரிந்தது.

அரைமண்டி (13 ஜூன், மாலை 6.20)

நன்றி அக்கா. அந்தப் பெருவிரல் விஷயத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேட் மட்டும் படித்தால் செலவு குறைவு. அப்புறம் ரிஃபார்மர் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

வடக்குவீதி (14 ஜூன், காலை 7.30)

ஓம், பகுதி பகுதியாகப் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். இருப்பது கனடாவில், ஸ்கார்பரோவில். 1988இல் தொடங்கிய ஸ்டாட் பிலாட்டீஸ் என்ற பயிற்சி நிறுவனம் எங்கள் டொராண்டோவில் பிறந்தது என்பதால் இங்கே படிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை, படித்த ஆக்களுக்கும் பஞ்சமில்லை. வேலைக்குத்தான் போட்டி.

ஆனால் ஒன்று சொல்ல வேணும். மேட் இலகு, மெசின் கஷ்டம் என்று நினைத்து மேட்டில் தொடங்காதீர்கள். உண்மை மறுவளம். மெசினில் ஸ்பிரிங் ஆளைத் தாங்கும், இழுத்துப் பிடிக்கும், எங்கே பிழை என்று காட்டியும் கொடுக்கும். மேட்டில் ஒன்றும் இல்லை, உங்கள் வாய் மட்டும்தான். பன்னிரண்டு பேர் படுத்திருப்பார்கள், நீங்கள் கதைத்தே அவர்களை அசைக்க வேணும்.

சும்மா_வந்தவனுக்கு: ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் எல்லாம் இருந்த மனிசன். முதல் உலகப் போர் நேரம் இங்கிலாந்தில் இருந்த ஜெர்மன்காரர் என்று பிடித்து, ஐல் ஆஃப் மேன் என்ற தீவில் முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கேதான் ஆஸ்பத்திரிக் கட்டில் ஸ்பிரிங்கைக் கழற்றிப் படுத்த படுக்கையாக இருந்த ஆக்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று ஒரு கதை. உண்மையோ, பிறகு கட்டியதோ, கட்டில் மாதிரி இருக்கிறது என்ற உங்கள் பகிடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கு. முகாமில் அடைபட்ட கதை கேட்டால் எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் கூடவே விளங்கும். 1926இல் நியூயார்க் போனார், எட்டாம் அவென்யூவில் ஸ்டுடியோ போட்டார். பெரிய நடன ஆசிரியர்களான பாலன்சீனும் மார்த்தா கிரகாமும் காயம்பட்ட நடனக்காரரை அவரிடம் அனுப்பினார்கள். அரைமண்டி, உங்கள் இனம்தான் இந்தத் தொழிலைக் காப்பாற்றினது.

சும்மா_வந்தவன் (14 ஜூன், காலை 9.02)

சரி, கட்டிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மணிக்கு ஆயிரம் இன்னும் நிலுவையில் இருக்கு.

பிசியோ_மதுரை (14 ஜூன், இரவு 9.50)

ஸ்பிரிங்_அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. 500 மணி நேரம் என்பது உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். நாங்கள் நாலரை வருடம் படித்துவிட்டுத்தான் ஒருவரின் முதுகில் கை வைக்கிறோம். பிசியோதெரபியை 2021இல் வந்த மத்தியச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது, பிலாட்டீஸுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அது குற்றமில்லை. ஆனால் போர்டில் "பிலாட்டீஸ் தெரபி, டிஸ்க் குணமாகும்" என்று எழுதுவது தப்பு.

முதுகுவலிக்குப் பிலாட்டீஸ் பற்றி 2015இல் காக்ரேன் தொகுப்பு வந்தது, அதாவது பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அறிக்கை. 10 ஆய்வுகள், 510 பேர். ஒன்றும் பெரிதாகச் செய்யாமல் விடுவதைவிட நல்லது. வேறு உடற்பயிற்சியைவிடச் சிறந்ததா என்றால், அப்படிச் சொல்லத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டும் நான் பேஷண்டுகளைப் பிலாட்டீஸுக்கு அனுப்புகிறேன். காரணம், என் கிளினிக்கில் கொடுக்கும் பயிற்சியை வீட்டில் யாரும் செய்வதில்லை, அங்கே காசு கட்டியதால் போய்ச் செய்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

என் கோபம் வேறு இடத்தில். போன வருடம் 66 வயது அம்மா ஒருவர் வந்தார். எலும்புப்புரை. (தேய்மானம் இல்லை. தேய்வது மூட்டு, புரையோடுவது எலும்பு. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு குழப்பிக்கொள்கிறோம்.) ஏதோ ஒரு வகுப்பில் அவரைத் தரையில் படுக்கவைத்து, கையை நீட்டி எழுந்து கால் விரலைத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். பத்து முறை. முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது. 1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு ஆய்வு செய்தார்கள். மாதவிடாய் நின்று முதுகெலும்பில் எலும்புப்புரை வந்த 59 பெண்கள். முன்னால் வளையும் பயிற்சிகளை மட்டும் செய்த குழுவில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக எலும்பு நொறுங்கியிருந்தது. பின்னால் வளைந்து முதுகைப் பலப்படுத்தியவர்களில் 16 சதவீதம். சின்ன ஆய்வு, பழைய ஆய்வு, ஆனால் அந்த இரண்டு எண்ணும் தெரியாதவர் அறுபது வயதுக்காரருக்கு வகுப்பு எடுக்கக் கூடாது.

ஸ்பிரிங்_அக்கா (14 ஜூன், இரவு 10.30)

கோபம் வரவில்லை. அந்தப் பயிற்சிக்கு ரோல் அப் என்று பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் போட்ட புத்தகத்தில் 34 மேட் பயிற்சிகள், அதில் பெரும் பகுதி முன்னால் வளைவதுதான். வரிசையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அதைத்தான் கொடுத்திருப்பார். நல்ல கோர்ஸில் இதை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். என் பிராக்டிகல் தேர்வில் கர்ப்பிணி ஒருவர், தோள் இறங்கியவர் ஒருவர் என்று வைத்துக்கொண்டு, எதையெல்லாம் எடுத்துவிடுவாய் என்று கேட்டார்கள். எதைச் சேர்ப்பாய் என்று கேட்கவே இல்லை.

நாலரை வருடத்தோடு போட்டி போடவில்லை சார். நீங்கள் அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள். பாதிப் பேர் "டாக்டர் பிலாட்டீஸ் போகச் சொன்னார்" என்ற ஒரு வரியோடு வருகிறார்கள். அந்தச் சீட்டில் என்ன கூடாது என்று மட்டும் இருந்தால்கூடப் போதும்.

பிசியோ_மதுரை (14 ஜூன், இரவு 10.41)

நியாயம். எழுதி அனுப்புகிறேன்.

கொத்தமல்லி (15 ஜூன், காலை 6.15)

நான் டீச்சர் இல்லை, மாணவி. வயது 61, நங்கநல்லூர். நாலு டீச்சரிடம் போய்விட்டேன், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று பேரும் இங்கிலீஷில் சொன்னார்கள். கோர் என்றார்கள், பெல்விஸ் என்றார்கள், நியூட்ரல் என்றார்கள். நானும் தலையாட்டினேன். காரில்தான் நியூட்ரல் இருக்கும் என்று தெரியும். நாலாவதாக வந்த பெண் திருநெல்வேலிக்காரி, சின்ன வயசு. முதல் நாளே, "ஆன்ட்டி, உள்பாவாடை நாடாவை முடிச்சுப் போடுறதுக்கு முன்னாடி லேசா உள்ளே இழுப்பீங்கல்ல, அவ்வளவு போதும், அதுக்கு மேல வேண்டாம்" என்றாள். ஆறு மாதமாகப் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது.

அரைமண்டி, நீங்கள் 500 மணி நேரம் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் தமிழில் எப்படிச் சொல்வது என்று எத்தனை மணி நேரம் சொல்லித் தருகிறார்கள்?

ஸ்பிரிங்_அக்கா (15 ஜூன், மதியம் 12.50)

ஒரு மணி நேரம்கூட இல்லை. நாடா அருமை, நாளை முதல் எனக்கும் அதுதான். ஆண்களுக்கு என்ன செய்வது என்று இப்போதே யோசிக்கிறேன். வேட்டிக்காரருக்குச் சரியாக வரும், பெல்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

கொத்தமல்லி கேட்டது ரொம்பப் பெரிய கேள்வி. நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன், தேர்வும் ஆங்கிலம். முதல் தமிழ் வகுப்பு மயிலாப்பூரில், ஆறு மாமிகள். "இடுப்பைத் தூக்குங்க" என்றேன். ஒருவர் பிட்டத்தைத் தூக்கினார், ஒருவர் விலாவைத் தூக்கினார், ஒருவர் உட்கார்ந்தே விட்டார். யார் மீதும் தப்பு இல்லை. நமக்கு வேட்டி கட்டும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, கீழ்முதுகு வலித்தாலும் இடுப்பு வலி. கால் என்றால் தொடையிலிருந்து நகம் வரைக்கும் கால். "காலை மடக்குங்க" என்றால் முழங்காலா, கணுக்காலா? கையும் அப்படித்தான். கோர்ஸில் படித்த ஒரு வரியையும் அப்படியே தமிழில் சொல்ல முடியாது. இப்போது நான் "பாதம்", "முட்டி", "தொடை" என்று உறுப்பின் பெயர் இல்லாமல் வாயைத் திறப்பதே இல்லை.

நியூட்ரலுக்கு, அதாவது முதுகு அதிகம் வளையாமலும் தரையில் அழுந்தாமலும் இருக்கும் நிலைக்கு, ஒரு வழி கண்டுபிடித்தேன். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளச் சொல்வேன். அடிவயிற்றில் ஒரு அகல் விளக்கு, விளிம்பு வரைக்கும் எண்ணெய். முதுகை அதிகம் வளைத்தால் எண்ணெய் தொடைப் பக்கம் வழியும், முதுகைத் தரையில் அழுத்தினால் தொப்புள் பக்கம் வழியும். வழியாமல் வையுங்கள். ஒரு மாமி, "எரியுற விளக்கா, எரியாத விளக்கா?" என்று கேட்டார். எரிகிற விளக்கு என்றேன். அசையவே இல்லை.

வடக்குவீதி (15 ஜூன், இரவு 8.10)

இந்த இடுப்புப் பிரச்சினை எங்களுக்குப் பாதிதான். கீழ்முதுகுக்கு எங்களிடம் நாரி என்று தனிச்சொல் இருக்கு. "நாரி பிடிச்சுப்போச்சு" என்று சொல்லாத அம்மம்மா இல்லை. சனிக்கிழமை எங்கட முதியோர் வகுப்பில் "நாரியைப் பாயில அமத்தாமல் விடுங்கோ" என்றால் இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கும்.

முதுகை எலும்பு எலும்பாக இறக்குகிற பயிற்சிக்கு நான் சொல்வது, தாலிக்கொடியைப் பெட்டிக்குள் வைக்கிற மாதிரி. பொத்தென்று போடக் கூடாது, ஒவ்வொரு கண்ணியாகப் படுக்க வேணும். யாரும் அதை அவசரமாகச் செய்ததில்லை.

மூச்சுக்கு நல்லதொரு சொல் தாருங்கோ. வயிற்றை விரிக்காமல் விலாவைப் பக்கவாட்டில் விரிக்கச் சொல்ல வேணும். யோகா செய்து பழகின ஆக்கள் வயிற்றுக்குத்தான் விடுவார்கள்.

கொத்தமல்லி (15 ஜூன், இரவு 8.25)

ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி. எங்கள் டீச்சர் சொல்வதுதான். பாட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்கு உடனே பிடிபடும்.

கணக்குப்பிள்ளை (16 ஜூன், காலை 11.00)

எல்லோரும் விளக்கு, நாடா, தாலிக்கொடி என்று அழகாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் கேட்டது வீட்டுக் கடன். ஸ்பிரிங்_அக்கா, ஒரு மாதக் கணக்கைப் போட முடியுமா?

ஸ்பிரிங்_அக்கா (16 ஜூன், மதியம் 2.15)

போடுகிறேன். இது என் கணக்கு, ஊர்க் கணக்கு இல்லை. குழு வகுப்புக்கு ஸ்டுடியோவைப் பொறுத்து 700லிருந்து 900 ரூபாய் என் கைக்கு வருகிறது. தனி வகுப்பு என்றால் கிளையன்ட் கட்டுவதில் பாதிக்குச் சற்றுக் கீழே. காலை 6.30க்குத் தொடங்கி 9.30 வரை, மாலை 5லிருந்து 8 வரை. நடுவில் யாருக்கும் நேரம் கிடையாது, அதனால் நமக்கு வேலை கிடையாது. ஒரு நாளில் ஐந்து வகுப்புக்கு மேல் எடுத்தால் ஆறாவது ஆளின் பெருவிரல் என் கண்ணில் படாது. வாரம் ஐந்து நாள் என்று பெருக்கிப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஆனால் வருடத்தைப் பெருக்கக் கூடாது. மே மாதம் பாதி ஊர் காலி. நவம்பரில் மழை, வகுப்பு ரத்து. மார்கழியில் ஒரு பகுதி சபா கேன்டீனில் உட்கார்ந்திருக்கும். எனக்கு வருடம் என்பது பத்து மாதம். உடம்பு சரியில்லையா, அன்று பூஜ்யம். பி.எஃப். கிடையாது. 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோர்ஸுக்குப் போட்ட பணம் திரும்பி வர எனக்கு இரண்டரை வருடம் ஆனது.

சொந்த ஸ்டுடியோ என்று ஒரு ஆசை வரும். எனக்கும் வந்தது, ஒரு ரிஃபார்மர் வாங்கினேன். எட்டடி நீளம், லிஃப்டில் ஏறவில்லை. மூன்று மாடி படிக்கட்டில் நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஸ்பிரிங்கை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்று செய்பவர்களே சொல்கிறார்கள், அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. ஒரு நாள் வகுப்புக்கு முன்னால் துடைக்கும்போது ஒரு ஸ்பிரிங் சுருளில் நடுவில் மட்டும் இடைவெளி கூடியிருந்தது. அதில் அன்று ஒரு பெண்ணை நிற்கவைப்பதாக இருந்தேன். கை நடுங்கிவிட்டது.

அரைமண்டி (16 ஜூன், இரவு 11.30)

கணக்குப்பிள்ளை சார், எனக்காகக் கேட்டதற்கு நன்றி. இதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். "வேலையை விடாதே, படி" என்றார். ஆபீஸில் வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. காலை வகுப்புகளை அந்த நாட்களில் பார்க்க முடியும். பார்க்கலாம்.

வடக்குவீதி (17 ஜூன், காலை 6.45)

நல்ல முடிவு. இன்னொன்று, செய்து காட்டுவதைக் குறையுங்கோ. நடனக்காரருக்கு இது கஷ்டம், வாய்க்கு முதல் உடம்பு போய்விடும். முதல் இரண்டு வருடம் நான் எல்லாவற்றையும் வலது பக்கமே செய்து காட்டினேன். மூன்றாம் வருடம் என்ர வலது தொடை மூட்டை ஆராவது திருத்த வேண்டி வந்தது. இங்கே சங்கத்துச் சமூக மண்டபத்தில் எடுப்பதென்றாலும் பொறுப்புக் காப்புறுதி, முதலுதவிச் சான்றிதழ் இரண்டும் கேட்பார்கள். அங்கே கேட்காவிட்டாலும் முதலுதவி படித்து வையுங்கோ.

அரைமண்டி (அடுத்த வருடம், 23 ஆகஸ்ட், இரவு 9.30)

இந்த இழை இன்னும் திறந்திருக்கிறதா? கோர்ஸ் முக்கால்வாசி முடிந்துவிட்டது. வேலையில்தான் இருக்கிறேன். மேட் தேர்வு பாஸ். ரிஃபார்மருக்கு இன்னும் 60 மணி நேரம் பாக்கி.

பரதத்தில் பாதமும் முட்டியும் வெளியே திரும்ப அரைமண்டியில் நின்றே பழகியவளுக்குப் பாதத்தை நேராக வைப்பதே ஒரு வருடப் பாடமாகிவிட்டது. ரிஃபார்மரில் படுத்தால் முட்டி இரண்டும் தானாக வெளியே திரும்பும். என் டீச்சர் முட்டிகளுக்கு நடுவில் ஒரு பந்தைக் கொடுத்து, "சலங்கையைக் கழற்றி வைச்சுட்டு வாங்க" என்பார்.

போன மாதத்திலிருந்து எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஹாலில் செவ்வாய், வியாழன் வகுப்பு எடுக்கிறேன். ஏழு பேர். முதல் நாள் ஃபேன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது. ஹண்ட்ரட் பயிற்சியில் ஐந்து எண்ணி மூச்சை இழுத்து ஐந்து எண்ணி விட வேண்டும், பத்து சுற்று. நான் எண்ணுவதா, மூச்சு விடுவதா என்று குழம்பி எட்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் நிம்மதி. அகல் விளக்கு வேலை செய்தது. நாடாவும். வடக்குவீதி அண்ணா, உங்கள் நாரியையும் சொல்லிப் பார்த்தேன். "எந்த நாரை?" என்றார் ஏ பிளாக் தாத்தா. விளக்கிச் சொன்னேன். இப்போது அந்த ஏழு பேருக்கும் நாரி தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. 71 வயது பாட்டி ஒருவர் சேர வேண்டும் என்கிறார். நல்ல சுறுசுறுப்பு. எலும்பு அடர்த்தி ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன், அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதுகெலும்பில் டி ஸ்கோர் மைனஸ் 2.9. பிசியோ சாரிடம் கேட்காமல் சேர்க்க மனம் வரவில்லை.

பிசியோ_மதுரை (23 ஆகஸ்ட், இரவு 10.15)

கேட்டது நல்லது. மைனஸ் 2.5க்கே எலும்புப்புரை என்றுதான் சொல்கிறோம், இது அதற்கும் கீழே. முதலில் அவருடைய டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், மருந்து எடுக்கிறாரா, உயரம் குறைந்திருக்கிறதா, எங்காவது விழுந்திருக்கிறாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் சரி என்றால் சேர்க்கலாம், உடற்பயிற்சி அவருக்குத் தேவைதான். ஆனால் ஏழு பேரோடு எட்டாவதாக வேண்டாம், தனியாக. ரோல் அப் கிடையாது. தலையைத் தூக்கிச் செய்யும் எதுவும் கிடையாது, உங்கள் ஹண்ட்ரட் உட்பட. பந்து மாதிரி உருளுவது கிடையவே கிடையாது. குனிந்து முறுக்குவதும் வேண்டாம். படுக்கையிலிருந்து எழுவதையே பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழச் சொல்லிக் கொடுங்கள். அது ஒன்றே ஒரு முழு வகுப்புக்கு வரும்.

அரைமண்டி (23 ஆகஸ்ட், இரவு 10.40)

சரி சார். நாளைக்கே டாக்டரிடம் அனுப்புகிறேன். என் மேட் வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். எல்லாம் போய்விட்டால் பாட்டிக்கு என்னதான் மிச்சம் என்று பயமாக இருக்கிறது.

ஸ்பிரிங்_அக்கா (23 ஆகஸ்ட், இரவு 10.52)

நிறைய இருக்கு. குப்புறப் படுத்து மார்பை லேசாகத் தூக்குவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, நாலு காலில் நின்று கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது, நாற்காலியைப் பிடித்து நிற்பது. நாளைக் காலையில் போன் பண்ணுங்க, எழுதித் தருகிறேன். ஆறேகாலுக்குள்ள பண்ணுங்க, ஆறரைக்கு வகுப்பு.